எழுபது வளைவுகளும் எஸ்.எஸ்.பிள்ளையும்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, கணிதத் துறைக்காரன் என்பதால் ராமானுஜனைப் பற்றித்தான் எழுதுவேன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். எழுதலாம், தப்பில்லை. நான் வாத்தியார் வேலை பார்த்த கொல்லிமலையிலிருந்து இறங்கினால் நாமக்கல்; அங்கே கோயில் கொண்டிருக்கும் நாமகிரித் தாயார்தான் ராமானுஜன் குடும்பத்துக்குக் குலதெய்வம். கொஞ்சம் உரிமை கொண்டாடவும் இடம் இருக்கிறது. ஆனால் ராமானுஜனைப் பற்றி நம் மலரிலேயே எத்தனை முறை வந்துவிட்டது! அவர் 1920இல் மறைந்தபோது பத்தொன்பது வயது வாலிபராக இருந்த இன்னொரு தமிழரைப் பற்றி எழுதுகிறேன். எண் கணிதம் படித்தவர்கள் உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் அவர் பெயரை அறிவார்கள். நம் ஊர்ப் பசங்களுக்குத்தான் தெரியாமல் போய்விட்டது. அவர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை, சுருக்கமாக எஸ்.எஸ்.பிள்ளை.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லம் என்ற கிராமம். 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி சுப்பையா பிள்ளைக்கும் கோமதி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். பிறந்து ஒரு வருஷம் ஆவதற்குள் தாயார் போய்விட்டார். தூரத்து உறவில் ஒரு வயதான அம்மாள்தான் பிள்ளையை வளர்க்க உதவியிருக்கிறார். நடுநிலைப் படிப்பு செங்கோட்டையில். பள்ளி இறுதி வருஷத்தில் தகப்பனாரும் காலமானார். தாயும் இல்லை, தந்தையும் இல்லை, கையில் காசும் இல்லை. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பையன் என்ன செய்வான்? ஏதாவது ஒரு கடையில் கணக்கு எழுதப் போவான். அல்லது உறவுக்காரர் வயலில் நிற்பான்.

அப்படி நடக்காமல் தடுத்தவர் சாஸ்திரியார் என்று அழைக்கப்பட்ட ஓர் ஆசிரியர். பையனுடைய மூளையைச் சின்ன வயதிலேயே கவனித்து வைத்திருந்தவர். தகப்பனார் போன பிறகு படிப்புச் செலவுக்கு அவர்தான் கை கொடுத்தார். அவருடைய முழுப்பெயர்கூடப் புத்தகங்களில் வருவதில்லை. சாஸ்திரியார் என்று மட்டும்தான் இருக்கும். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் நான் கொஞ்சம் நின்றுவிடுவேன். மலையில் மிளகுப் பறிப்பு வந்துவிட்டால் வகுப்பில் பாதி பெஞ்சு காலியாகிவிடும். போனவர்களில் சிலர் திரும்பி வருவார்கள், சிலர் வரமாட்டார்கள். வராதவர்களில் யார் யார் என்ன ஆகியிருப்பார்கள் என்று எந்தக் கணக்கும் சொல்லாது. வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டு வந்தவர்களில் ஒரு பெண் நம் கல்லூரியிலேயே கணிதம் முடித்துவிட்டு இன்று மலையில் ஆசிரியையாக இருக்கிறாள். போய்க் கூப்பிட்டிருக்காவிட்டால்? சரி, கதைக்கு வருவோம்.

பிள்ளை நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இண்டர்மீடியட் முடித்தார். பிறகு திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. அன்றைக்கு நாகர்கோவிலும் செங்கோட்டையும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தன என்பதை இளைய மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1956இல்தான் நம் மாநிலத்தோடு சேர்ந்தன. 1927இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்தவர் பேராசிரியர் கே.ஆனந்தராவ். கேம்பிரிட்ஜில் ஹார்டியிடம் பயின்றவர், ராமானுஜன் அங்கே இருந்த காலத்தில் தாமும் இருந்தவர். மாநிலக் கல்லூரியில் அவர் உருவாக்கிய மாணவர் வரிசையைப் பார்த்தாலே பிரமிப்பாக இருக்கும்: விஜயராகவன், மீனாட்சிசுந்தரம், கே.சந்திரசேகரன், நம் பிள்ளை. ராமானுஜனுக்கு வழி காட்ட இங்கே ஆள் இல்லை, கடிதம் போட்டுக் கடல் கடந்து போக வேண்டியிருந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் நிலைமை மாறிவிட்டது. பிள்ளை சென்னையிலேயே உட்கார்ந்து உலகத் தரத்தில் வேலை செய்ய முடிந்தது. பின்னால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்ஸி. பட்டத்தைக் கணிதத்துக்காக முதன்முதலில் வாங்கியவரும் இவர்தான்.

1929இல் சிதம்பரத்துக்கு அருகே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதே வருஷம் பிள்ளை அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்து, 1941 வரை பன்னிரண்டு வருஷம் இருந்தார். அவருடைய பெரிய வேலைகள் எல்லாம் அந்தச் சிதம்பரத்து வருஷங்களில் நடந்தவைதான். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லையே என்றும் சொல்ல முடியாது. வடக்கே சர்வதமன் சௌலா என்ற பஞ்சாப்காரர் இருந்தார், அவரும் எண் கணிதக்காரர். இரண்டு பேரும் கடிதம் எழுதிக் கொண்டே ஆராய்ச்சி செய்தார்கள், சேர்ந்து கட்டுரைகளும் வெளியிட்டார்கள். தபால் கார்டுக் காலத்துக் கூட்டு ஆராய்ச்சி!

இனி நம் மலைக்கு வருகிறேன். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே ஏறினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கும். பஸ்ஸில் வாந்தி வராமல் இருக்க அந்த எண்களை எண்ணிக்கொண்டு வருவது மலைப் பிள்ளைகளின் பழக்கம். நான் அவர்களுக்கு ஒரு கணக்குக் கொடுப்பேன். முதல் வளைவிலிருந்து எழுபதாவது வளைவு வரை எல்லா எண்களையும் ஒன்றோடொன்று பெருக்கு, கடைசியில் ஒன்றைக் கூட்டு. வருவது 71ஆல் மீதியில்லாமல் வகுபடுமா, சொல்லு. அந்தப் பெருக்குத் தொகையில் 101 இலக்கங்கள் இருக்கும், பெருக்கிப் பார்த்து மாளாது. ஆனால் பெருக்காமலே சொல்லிவிடலாம், வகுபடும். 71 பகா எண் என்பதால் வகுபடும். பகா எண்ணுக்கு முந்தைய எண்கள் எல்லாவற்றையும் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் அந்தப் பகா எண்ணால் வகுபடும், பகா எண் அல்லாத எதற்கும் இது நடக்காது. இதற்கு வில்சன் தேற்றம் என்று பெயர். நம் பாடப் புத்தகத்தில் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள்.

ஆனால் 71க்கு எழுபது வளைவும் ஏற வேண்டிய அவசியமே இல்லை. ஏழு வளைவு போதும். 1 முதல் 7 வரை பெருக்கினால் 5040. ஒன்றைக் கூட்டினால் 5041. அது 71 பெருக்கல் 71! இப்படிப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் முழு வர்க்கம் வருவது 4, 5, 7 என்ற மூன்று இடங்களில்தான் தெரிந்திருக்கிறது: 25, 121, 5041. வேறு உண்டா என்று ராமானுஜன் 1913இல் இந்தியக் கணிதச் சங்க இதழில் ஒரு கேள்வி போட்டார். பிரான்சில் புரோகார்ட் என்பவர் அதற்கு முன்பே கேட்டிருந்தார். 2000ஆம் ஆண்டில் கம்ப்யூட்டரை வைத்து நூறு கோடி வரை தேடியும் நாலாவது இடம் அகப்படவில்லை. இல்லவே இல்லை என்று நிரூபித்தவரும் யாரும் இல்லை.

அதே இதழில்தான் 1930 வாக்கில் பிள்ளை தம்முடைய கேள்வியைப் போட்டார். 1 முதல் ஏதோ ஓர் எண் வரை பெருக்கி ஒன்றைக் கூட்டுகிறோம். வருகிற தொகையை ஒரு பகா எண் மிச்சமில்லாமல் வகுக்கிறது. அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் குறைத்தால், நாம் எதுவரை பெருக்கினோமோ அந்த எண்ணின் மடங்காகத்தான் எப்போதும் இருக்குமா? சோதித்துப் பாருங்கள். 3 வரை பெருக்கினால் 6, ஒன்று கூட்டினால் 7. ஏழில் ஒன்று போனால் 6, மூன்றின் மடங்கு. 4 வரை என்றால் 25, பகாக் காரணி 5, ஒன்று போனால் 4. 5 வரை என்றால் 121, காரணி 11, ஒன்று போனால் 10. 6 வரை என்றால் 721. அது 7 பெருக்கல் 103. ஒன்று போனால் 6, 102. இரண்டுமே ஆறின் மடங்குகள். 7 வரை என்றால் நம்ம 71. ஒன்று போனால் 70, ஏழின் மடங்கு. ஆஹா, விதி கிடைத்துவிட்டது என்று யாருக்கும் தோன்றும்.

அதே 71ஐ வைத்தே பாருங்கள். 5040 என்பது 71இன் மடங்குக்கு ஒன்று குறைவு. அதை 8ஆலும் 9ஆலும் பெருக்குகிறோம், அதாவது 72ஆல். 72 என்பது 71ஐ விட ஒன்று அதிகம். ஒன்று குறைந்ததையும் ஒன்று கூடியதையும் பெருக்கினால் மறுபடியும் ஒன்று குறைந்ததாகத்தான் வரும். ஆகவே 1 முதல் 9 வரை பெருக்கினால் வரும் 362880உம் 71இன் மடங்குக்கு ஒன்று குறைவு. 71ஐ 5111ஆல் பெருக்கிச் சரிபார்த்துக் கொள்ளலாம். ஆனால் 70 ஒன்பதின் மடங்கா? இல்லையே. விதி உடைந்தது. கொல்லிமலைப் பாதையின் எண்ணுக்கு அடுத்த எண்ணிலேயே உடைகிறது என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

பிள்ளையின் கேள்விக்குப் பதில் எழுதியவர்களில் சௌலாவும் ஒருவர். இன்னும் சின்னதாக 23 என்ற எண்ணை எடுத்துக்காட்டினார். 14 வரை பெருக்கினாலும் 18 வரை பெருக்கினாலும், ஒன்று கூட்டியவுடன் 23ஆல் வகுபடும். 22 பதினாலின் மடங்கும் இல்லை, பதினெட்டின் மடங்கும் இல்லை. இப்படி விதியை மீறும் பகா எண்களுக்குப் பிள்ளை பகா எண்கள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவற்றில் மிகச் சிறியது இந்த 23தான். 2002இல் சுப்பாராவ் என்ற இந்தியரும் ஹார்டி என்பவரும் (ராமானுஜனின் ஹார்டி அல்ல, இவர் வேறு) இவை முடிவில்லாமல் இருக்கின்றன என்று நிரூபித்தார்கள். விடை இல்லை என்றே வந்த ஒரு கேள்வி, கேட்டவருக்கு ஒரு பெயரையே சம்பாதித்துக் கொடுத்த விந்தையைக் கவனியுங்கள்.

பிள்ளையின் புகழுக்கு முக்கியக் காரணம் வேறொரு கணக்கு. 1770இல் வேரிங் என்ற ஆங்கிலேயர் சொல்லிவிட்டுப் போனது. எந்த முழு எண்ணையும் நாலு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம். கனங்கள் என்றால் ஒன்பது போதும். இங்கேயும் 23 வந்து நிற்கிறது, அதற்கு ஒன்பதும் வேண்டும். அப்படியானால் நாலாம் அடுக்கு, ஐந்தாம் அடுக்கு, ஆறாம் அடுக்கு? ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஓர் அளவு போதும் என்று 1909இல் ஹில்பர்ட் நிரூபித்தார். அந்த அளவு எவ்வளவு என்பதைச் சொல்லவில்லை.

ஆறாம் அடுக்கை எடுத்துக் கொள்வோம். 2இன் ஆறாம் அடுக்கு 64. 3இன் ஆறாம் அடுக்கு 729. இப்போது 703 என்ற எண்ணை எழுதச் சொன்னால் 729ஐத் தொட முடியாது. பத்து 64 வைத்தால் 640, மிச்சம் 63ஐ ஒன்று ஒன்றாகத்தான் வைக்க வேண்டும். மொத்தம் எழுபத்து மூன்று. ஆக 73க்குக் குறையாது என்பதை எட்டாம் வகுப்புப் பையனும் சொல்வான். எந்த எண்ணுக்கும் 73ஐத் தாண்டாது என்பதை நிரூபிப்பதுதான் மலை ஏறுகிற வேலை. 1936 வாக்கில் பிள்ளை ஏழாம் அடுக்கிலிருந்து மேலே உள்ள கணக்கைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டார். அமெரிக்காவில் டிக்சன் என்ற பெரிய பேராசிரியரும் அதே சமயத்தில், இவர் வேலை அறியாமல், அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். ஒருவருக்குச் சிகாகோ, மற்றவருக்குச் சிதம்பரம். அதற்குப் பிறகு ஆறாம் அடுக்கு தனியாக நின்றது. மிகப் பெரிய எண்களைக் கையாள ரஷ்யாவின் விநோகிராதோவ் கொடுத்த முறை உண்டு. ஆனால் சின்ன எண்களிலிருந்து அந்த முறை பிடிக்கிற இடம் வரை பாலம் கட்ட வேண்டும். அடுக்கு குறையக் குறைய அந்தப் பாலத்தின் நீளம் கூடிக்கொண்டே போகும். கம்ப்யூட்டரும் இல்லை, கால்குலேட்டரும் இல்லை. காகிதமும் பேனாவும் வைத்து 1940இல் பிள்ளை 73 என்பதை நிலைநாட்டினார். ஐந்தாம் அடுக்குக்கு 37 என்று சீனாவின் சென் ஜிங்ருன் காட்ட 1964 ஆகிவிட்டது. நாலாம் அடுக்குக்கு 19 என்பது 1986இல்தான் முடிந்தது. அதை முடித்த மூவரில் ஒருவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர்.பாலசுப்பிரமணியன்.

இன்னும் இரண்டைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அடுத்தடுத்து வரும் எண்களில் பதினாறு வரை எத்தனை எடுத்தாலும், மற்ற எதனோடும் 1ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாத ஓர் எண் அதில் கட்டாயம் இருக்கும் என்று நிரூபித்தார். பதினேழு எடுத்தால் அந்த உத்தரவாதம் கிடையாது. 2184இலிருந்து 2200 வரை எடுத்துப் பாருங்கள். இன்னொன்று, 8உம் 9உம் போல ஒட்டி நிற்கும் அடுக்கு எண்களைப் பற்றியது. அடுக்கு எண்களுக்கு இடையே எந்த ஒரு வித்தியாசமும் முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வராது என்று பிள்ளை ஊகித்தார். வித்தியாசம் ஒன்று என்பதை மட்டும் 2002இல் மிகய்லெஸ்கு தீர்த்தார். மற்றதெல்லாம் பிள்ளை ஊகம் என்ற பெயரில் இன்னும் கிடக்கிறது.

1941இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஒரு வருஷம் இருந்தார். 1942இல் லெவி என்பவர் அழைத்ததன் பேரில் கல்கத்தா பல்கலைக்கழகம். லெவி யூதர், ஹிட்லருக்குத் தப்பி வந்து கல்கத்தாவில் கணிதத் துறையைக் கட்டிக் காத்தவர். பிள்ளை அங்கே இருந்த எட்டு வருஷத்தில்தான் வங்காளப் பஞ்சம், 1946 கலவரம், பிரிவினை எல்லாம் நடந்தன. லாகூரில் இருந்த சௌலா பிரிவினைக்குப் பிறகு அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். பிள்ளைக்கும் அங்கிருந்து அழைப்பு வந்தது. ஐன்ஸ்டைன் இருந்த பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் ஒரு வருஷம் தங்கி ஆராய்ச்சி செய்யலாம். கூடவே 1950 ஆகஸ்ட் கடைசியில் ஹார்வர்டில் தொடங்கிய உலகக் கணித மாநாட்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாகவும் கலந்துகொள்ளலாம். யுத்தத்தால் பதினாலு வருஷம் நடக்காமல் இருந்த மாநாடு அது.

பம்பாயிலிருந்து கிளம்பிய டி.டபிள்யூ.ஏ. விமானம் கெய்ரோவில் இறங்கி மறுபடி ஏறியது. ஆகஸ்ட் 31ஆம் தேதி, ஏறிய சிறிது நேரத்தில் எஞ்சின் ஒன்று தீப்பிடித்து, எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் விழுந்தது. உள்ளே இருந்த 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. சண்டிகர் நகரத்துக்குத் திட்டம் வரைந்துகொண்டிருந்த போலந்துக்காரர் நோவிட்ஸ்கி அதில் இருந்தார். அவர் போன பிறகுதான் அந்த வேலை லெ கார்பூசியே கைக்கு வந்தது. எகிப்தின் சினிமா நடிகை கமீலியாவும் இருந்தார். கெய்ரோ மக்கள் நடிகைக்காக அழுதார்கள். ஹார்வர்டில் மாநாடு முதல் நாள் தாண்டிவிட்டிருந்தது. பிள்ளைக்கு வயது நாற்பத்தொன்பது.

தகப்பனார் இறந்த வருஷத்தோடு முடிந்திருக்க வேண்டிய படிப்பு அது. அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கும் மேல் ஓடியது, ஒரு வாத்தியார் கொடுத்த பணத்தில் தொடங்கி. பிள்ளையின் கட்டுரைகள் எல்லாம் தொகுக்கப்பட்டு ராமானுஜன் கணிதச் சங்கத்தால் 2010இல் நூலாக வந்தன. அறுபது வருஷம் தாமதம் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது படிக்கும் மாணவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்பது, பெரிய பெரிய பகா எண்களைக் கண்டுபிடிக்கிறார்களே அதைப் பற்றித்தான். 2024 அக்டோபரில் அறிவித்தது, 2ஐ 13,62,79,841 தடவை போட்டுப் பெருக்கி ஒன்றைக் கழித்த எண். அதில் 4,10,24,320 இலக்கங்கள். வில்சன் சொன்னது அந்த ராட்சசனுக்கும் அப்படியே பொருந்தும், எழுபது வளைவுக்குப் பொருந்தியது போலவே. ஆனால் பகா எண்தானா என்று சோதிக்க அது உதவாது. அத்தனை எண்களையும் பெருக்க இந்தப் பிரபஞ்சத்தின் ஆயுள் போதாது. அதற்கு லூகாஸ், லேமர் என்ற இருவர் பெயரில் வேறு குறுக்குவழி இருக்கிறது.

அவ்வளவு பெரிதாகப் போக வேண்டாம். மேலே பிள்ளையின் கேள்வியைச் சோதித்தபோது 7க்குப் பிறகு 8ஐத் தாண்டி 9க்குப் போய்விட்டேன், கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான். 1 முதல் 8 வரை பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 40321. அதற்குப் பகாக் காரணிகள் இரண்டு. சின்னது 50க்கும் 70க்கும் நடுவே இருக்கிறது. கண்டுபிடித்து, ஒன்றைக் கழித்து, எட்டால் வகுத்துப் பாருங்கள். விடையைச் சந்திப்பு நாளன்று மதியச் சாப்பாட்டுப் பந்தியில் என்னிடம் வந்து சொல்லலாம்.